அறை வாடகையும் அன்றாட உதவியும்: முதியவர் வீட்டில் இளையவர் தங்குவதன் விதிகளும் இடைவெளிகளும்

சிங்கப்பூரில் தனியார் வீடுகளின் வாடகைக் குறியீடு 2022ஆம் ஆண்டில் மட்டும் 29.7 விழுக்காடு உயர்ந்தது. அடுத்த ஆண்டு மேலும் 8.7 விழுக்காடு கூடியது. கிருமித்தொற்றுக் காலத்தில் கட்டுமானப் பணிகள் தாமதமானதால் பிடிஓ (முன்பதிவின் பேரில் கட்டப்படும் அரசு வீடு) வீட்டுச் சாவிக்காகக் காத்திருந்த குடும்பங்கள் வாடகைச் சந்தைக்குள் வந்ததும், எல்லைகள் திறந்தவுடன் வெளிநாட்டு ஊழியர்கள் திரும்பியதும் ஒரே வேளையில் நிகழ்ந்ததே இதற்கு முக்கியக் காரணம். 2024இல் குறியீடு 1.9 விழுக்காடு இறங்கியது. இரண்டு ஆண்டுகளில் ஏறிய உயரத்தோடு ஒப்பிட்டால் இந்த இறக்கம் மிகச் சிறியது. எனவே 35 வயதுக்குட்பட்ட ஒற்றையர், படிக்க வந்த மாணவர், வேலைக்கு வந்த புதியவர் ஆகியோருக்கு முழு வீடு எடுப்பது இன்றும் எட்டாத ஒன்றாகவே இருக்கிறது. அவர்கள் தேடுவது ஓர் அறை.

மறுபக்கத்தில், சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் 65 வயதைத் தொட்டவர். 2030க்குள் இது நால்வரில் ஒருவர் என்றாகும். பிள்ளைகள் திருமணமாகிப் பொங்கோலுக்கோ செங்காங்கிற்கோ சென்றுவிட்ட பிறகு, அங் மோ கியோவிலும் தோ பாயோவிலும் பிடோக்கிலும் உள்ள பழைய நாலறை வீடுகளில் ஒருவரோ இருவரோ மட்டும் வாழ்கிறார்கள். பூட்டியே கிடக்கும் அறை ஒருபுறம், அறை தேடும் இளையவர் மறுபுறம் என்னும்போது, இருவரையும் சேர்த்து வைத்தால் என்ன என்ற எண்ணம் எவருக்கும் தோன்றும். வாடகையைக் குறைத்துக்கொண்டு, பதிலுக்கு முதியவருக்குத் துணையாக இருக்கச் சொல்லலாமே என்ற எண்ணமும் கூடவே எழும்.

குழப்பம் தொடங்குவது இந்த இரண்டாவது எண்ணத்தில்தான். அறையை வாடகைக்கு விடுவதற்குத் தெளிவான விதிகள் உள்ளன. உதவிக்கு ஈடாக அறை தருவதற்கென்று தனி விதித்தொகுப்பு எதுவும் சிங்கப்பூரில் இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் வரும் சிக்கல்களை அறிய, முதலில் அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

இரண்டு வகை வாடகை, இரண்டு வகை அனுமதி

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டை வாடகைக்கு விடுவதில் இரு வகைகள் உள்ளன. உரிமையாளர் வீட்டிலேயே வசித்துக்கொண்டு படுக்கையறைகளை மட்டும் விடுவது ஒன்று. தாம் வெளியேறி முழு வீட்டையும் விடுவது மற்றொன்று. இந்த இரண்டுக்கும் தனித்தனி அனுமதி வேண்டும், நிபந்தனைகளும் வேறுபடும்.

முழு வீட்டை விடுவதற்குக் குறைந்தபட்ச வசிப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும். வழக்கமான வீடுகளுக்கு அது ஐந்தாண்டு. நிரந்தரவாசிகளான உரிமையாளர்கள் முழு வீட்டை வாடகைக்கு விடவே முடியாது. படுக்கையறையை மட்டும் விடுவதற்கு அந்தக் காலவரம்பு கிடையாது. ஆனால் அதற்கு மாற்ற முடியாத ஒரு நிபந்தனை உண்டு: வாடகைக் காலம் முழுவதும் உரிமையாளர் அந்த வீட்டில் உண்மையாகவே குடியிருக்க வேண்டும். தமது பொருள்களை ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு மற்ற அறைகளை வாடகைக்கு விட்டு வேறிடத்தில் வாழ்வது, அறை வாடகை என்ற பெயரில் நடக்கும் முழு வீட்டு வாடகையாகும், அது விதிமீறல்.

முதியவர் வீட்டில் இளையவர் தங்கும் ஏற்பாடு முழுவதும் இந்த ஒரு நிபந்தனையின் மீதே நிற்கிறது. முதியவர் வீட்டில் இருக்கும்வரை அது அறை வாடகை. அவர் இல்லாமல் போனால் அந்த அனுமதியின் அடிப்படையே போய்விடும். இதன் விளைவைப் பின்னர் விரிவாகப் பார்க்கலாம்.

அறை வாடகைக்கான முக்கிய விதிகள்

1. மூவறை வீடும் அதற்கு மேற்பட்ட வீடுகளும்தான் இதற்குத் தகுதி பெறும். ஓரறை, ஈரறை வீடுகளில் அறையை வாடகைக்கு விட முடியாது. முதியோர் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பெரிய வீட்டை விற்றுவிட்டு ஈரறை ஃபிளெக்ஸி வீட்டுக்கு மாறுபவருக்குக் கையில் ரொக்கம் கிடைக்கும். ஆனால் அறை வாடகை வருமானமும், வீட்டில் இன்னொருவர் இருக்கும் வாய்ப்பும் அத்துடன் முடிந்துவிடும். வீடு மாறுவதைப் பற்றிய குடும்பப் பேச்சுகளில் இந்தக் கோணம் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

2. வீவக முதலில் படுக்கையறையாகக் கட்டிக் கொடுத்த அறைகளை மட்டுமே விடலாம். கூடத்தில் பலகைத் தடுப்பு வைத்து உருவாக்கிய அறை, பாம் ஷெல்ட்டர் எனப்படும் வீட்டுக் காப்பறை, சமையலறையை ஒட்டிய சாமான் அறை ஆகிய எதுவும் இதில் சேராது.

3. வாடகை தொடங்குவதற்கு முன்பே வீவக அனுமதி பெற்றிருக்க வேண்டும். விண்ணப்பத்தை உரிமையாளர் தமது சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளக் கணக்கு) மூலம் இணையத்திலேயே செய்யலாம். குடியேறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இங்கே செல்லாது.

4. ஒவ்வொரு வாடகையும் குறைந்தது ஆறு மாதம். ஒரே விண்ணப்பத்தில் சிங்கப்பூரர், மலேசியர் என்றால் மூன்றாண்டு வரையும், மற்ற வெளிநாட்டவர் இடம்பெற்றால் இரண்டாண்டு வரையும் அனுமதி பெறலாம். தனியார் வீடுகளில் குறைந்தபட்சக் காலம் தொடர்ச்சியான மூன்று மாதம். நாள் கணக்கில், வாரக் கணக்கில் விடுவது இருவகை வீடுகளிலும் சட்டவிரோதம்.

5. ஒரு வீட்டில் உறவினரல்லாதோர் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. நாலறை வீட்டுக்கும் அதைவிடப் பெரிய வீவக வீடுகளுக்கும் ஆறு என்றிருந்த வரம்பு 22 ஜனவரி 2024 முதல் எட்டாக உயர்த்தப்பட்டது. குறைந்தது 90 சதுர மீட்டர் பரப்புள்ள தனியார் வீடுகளுக்கும் இது பொருந்தும். வாடகை அழுத்தத்தைத் தணிக்க வந்த தற்காலிகத் தளர்வு இது. முதலில் 2026 இறுதிவரை என்று அறிவிக்கப்பட்டது. நீண்ட ஒப்பந்தம் போடுபவர்கள் அன்றைய நிலவரத்தை வீவக இணையத்தளத்தில் பார்த்துக்கொண்டு கையெழுத்திடுவது நல்லது. மூவறை வீட்டுக்கு வரம்பு ஆறு என்பதில் மாற்றமில்லை.

விதிகளை மீறினால் அபராதத்தோடு முடியாமல் வீட்டையே வீவக கட்டாயமாகத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் கூடும். ஆயுள் முழுவதும் உழைத்து வாங்கிய ஒரே சொத்தை முதியவர் இந்த அபாயத்துக்கு உட்படுத்தக் கூடாது என்பதால்தான் அனுமதி விஷயத்தை இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

யாரைத் தங்க வைக்கலாம்?

சிங்கப்பூரரும் நிரந்தரவாசிகளும், எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் ஆகிய வேலை அனுமதிகள், மாணவர் பாஸ் முதலியவற்றை வைத்திருப்பவர்களும் அறை எடுக்கலாம். வெளிநாட்டவரின் அனுமதி அட்டை, விண்ணப்பிக்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். கட்டுமானத் துறையில் வொர்க் பெர்மிட்டில் உள்ள, மலேசியர் அல்லாத ஊழியர்கள் வீவக வீடுகளில் அறை எடுக்க முடியாது. தமிழகத்திலிருந்து வந்த தம்பிமார் பலர் இந்தப் பிரிவில் இருப்பதால், ஊர்க்காரர் என்ற பரிவில் அறை கொடுத்துவிட்டுப் பிறகு வருந்தும் நிலை வரக்கூடாது.

ஆவணங்களைச் சரிபார்ப்பது உரிமையாளரின் பொறுப்பு. அதை முகவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்க முடியாது. அசல் அனுமதி அட்டையைப் பார்க்க வேண்டும். கடப்பிதழில் உள்ள விவரங்களுடன் ஒப்பிட வேண்டும். மனிதவள அமைச்சு அல்லது குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் இணையச் சேவையில் அது செல்லத்தக்கதா என்று உறுதிப்படுத்த வேண்டும். அனுமதியின்றித் தங்கியிருப்பவருக்கு, ஐயம் இருந்தும் பொருட்படுத்தாமல் இடம் கொடுத்தது நிரூபணமானால் ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறையும் 6,000 வெள்ளி வரை அபராதமும் விதிக்கப்படலாம். கண் பார்வை மங்கிய முதியவர் தனியாக இதைச் செய்வது கடினம். பிள்ளைகளோ நம்பிக்கைக்குரிய உறவினரோ உடனிருந்து அந்த அரை மணி நேரத்தை ஒதுக்க வேண்டும்.

விளம்பரத்தில் உள்ள சொற்கள் எதைக் குறிக்கின்றன?

அறை தேடும் இளையவர் முதலில் எதிர்கொள்வது சுருக்கமான விளம்பர வரிகளை. "காமன் ரூம், ஓனர் தங்கவில்லை, லைட் குக்கிங், பியூபி உட்பட, விசிட்டர் கூடாது" என்பது அவற்றின் பொதுவான சாயல். காமன் ரூம் என்பது தனிக் குளியலறை இல்லாத அறை; பியூபி என்பது தண்ணீர், மின்சாரக் கட்டணம்.

இதில் கவலைக்குரியது "ஓனர் தங்கவில்லை" என்ற இரண்டு சொற்கள். இளையவர்கள் பலர் இதை ஒரு வசதியாக நினைத்து அந்த அறையையே தேர்ந்தெடுக்கிறார்கள். வீவக வீட்டில் உரிமையாளர் தங்காமல் அறை அறையாக விடுகிறார் என்றால், அதற்கு முழு வீட்டு வாடகை அனுமதி இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால், உரிமையாளர் விதியை மீறுகிறார். அல்லது முழு வீட்டை எடுத்த வாடகைதாரர் ஒருவர் அறைகளை மறுவாடகைக்கு விடுகிறார். இரண்டாவதும் அனுமதிக்கப்படாதது. இரண்டு நிலையிலும், சோதனை வரும் நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியவர் அறை எடுத்தவர்தான். ஆகவே, வீவக அனுமதிக் கடிதத்தின் நகலையும், உரிமையாளர் யார் என்பதற்கான சான்றையும் முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்பது நியாயமான கோரிக்கை. அதைக் காட்டத் தயங்குபவரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

"லைட் குக்கிங்" என்பதற்கு யாரும் வரையறை தருவதில்லை. முட்டை பொரிப்பதும் மீ அவிப்பதும் மட்டும்தான் என்று ஒருவர் நினைத்திருப்பார்; சோறு வடித்து, ரசம் வைத்து, கடுகு தாளிப்பது சாதாரணச் சமையல்தானே என்று மற்றவர் நினைத்திருப்பார். இந்திய உணவின் வாசனையைக் காரணமாக்கி அறை மறுக்கப்படுவது பலரும் சந்தித்த அனுபவம். இனத்தைக் குறிப்பிட்டு ஒதுக்கும் விளம்பரங்களை வெளியிடக் கூடாதென்று, முகவர்களை ஒழுங்குபடுத்தும் சொத்து முகவைகள் மன்றம் அவர்களுக்கு அறிவுறுத்தியுள்ளது. ஆனால் தமது வீட்டுக்குள் யாரை அனுமதிப்பது என்று தனிப்பட்ட உரிமையாளர் மனத்துக்குள் எடுக்கும் முடிவை அந்த அறிவுறுத்தல் எட்டாது. இதனாலேயே தமிழ் இளையவர்கள் தமிழ் பேசும் முதியவர் வீட்டைத் தேடிப் போகிறார்கள். அந்தத் தேர்வில் நியாயம் உண்டு. மொழி ஒன்று என்பதற்காக எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டாமென்று இருந்துவிடுவது மட்டுமே அதில் உள்ள தவறு.

முகவர் மூலம் சென்றால் இரண்டு சோதனைகள் போதும். அவர் பெயரும் பதிவு எண்ணும் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். வீவக வாடகை தொடர்பான முன்பணத்தையோ வாடகையையோ முகவர் தம் கையில் வாங்கக் கூடாது என்பது விதி. ஆகவே தமது கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லும் முகவரை அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

உதவிக்கு ஈடாக அறை: மற்ற நாடுகள் என்ன செய்தன?

மூன்று நாடுகளின் முறைகள் நமக்குப் பாடமாக உதவும்.

பிரான்சில் 2003ஆம் ஆண்டின் கடும் வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் முதியோர்; பலர் தனித்து வாழ்ந்தவர்கள். அதற்குப் பிறகு, முதியவர் வீட்டில் மாணவரைத் தங்கவைக்கும் சங்கங்கள் அங்கே வளர்ந்தன. 2018இல் இயற்றப்பட்ட வீடமைப்புச் சட்டம் இதற்கெனத் தனி ஒப்பந்த வகையையே உருவாக்கியது. 60 வயதைத் தாண்டியவரும் 30 வயதுக்குட்பட்டவரும் சேர்ந்து செய்யும் ஒப்பந்தம் அது. இளையவர் மிதமான ஒரு தொகையைச் செலுத்துவார். அதனுடன் இலாப நோக்கமற்ற சிறு உதவிகளையும் செய்யலாம். அந்த உதவிகள் வேலை ஒப்பந்தமாகக் கருதப்பட மாட்டா என்று சட்டமே சொல்கிறது. இரு தரப்பில் எவரும் ஒரு மாத அவகாசம் கொடுத்து விலகிக்கொள்ளலாம்.

ஜெர்மனியின் பல்கலைக்கழக நகரங்களில் வேறு கணக்கு. அறையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மாதம் ஒரு மணி நேர உதவி. மின்சாரம், தண்ணீர்ச் செலவை மட்டும் மாணவர் கொடுப்பார். 12 சதுர மீட்டர் அறை என்றால் மாதம் 12 மணி நேரம். மருத்துவப் பராமரிப்பும் உடல் பராமரிப்பும் இதில் கிடையாது. கடைக்குப் போவது, தோட்ட வேலை, துணைக்கு நடப்பது போன்றவை மட்டுமே.

நெதர்லாந்தின் டேவென்டர் நகரில் உள்ள ஒரு முதியோர் இல்லம், 2012 முதல் சில மாணவர்களை வாடகையின்றித் தங்க வைக்கிறது. அவர்கள் மாதம் 30 மணி நேரம் முதியோரின் நல்ல அண்டைவீட்டாராக இருக்க வேண்டும். பராமரிப்புப் பணி அங்குள்ள ஊழியர்களுடையதே.

மூன்றுக்கும் பொதுவான கூறுகள் தெளிவாகத் தெரிகின்றன. உதவிக்கு அளவு உண்டு. எது உதவி, எது பராமரிப்பு என்ற கோடு உண்டு. இருவரையும் இணைத்து, பிசகினால் இடையில் வந்து பேசுவதற்கு ஒரு மூன்றாம் தரப்பு உண்டு. நல்லெண்ணத்தை மட்டும் நம்பி எந்த நாடும் இதை நடத்தவில்லை.

சிங்கப்பூரில் இதைச் செய்யும்போது எழும் சிக்கல்கள்

இங்கே குடும்பத்துக்குள் தலைமுறைகள் சேர்ந்து வாழ்வதற்கே கொள்கை ஊக்கம் அதிகம். மூன்று தலைமுறை வீடுகள் 2013இல் அறிமுகமாயின. பெற்றோருடன் அல்லது அவர்களிடமிருந்து நான்கு கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்குவோருக்கு அருகாமை வீட்டு மானியம் கிடைக்கிறது. குருதி உறவில்லாத முதியவரும் இளையவரும் சேர்ந்து வாழ்வதற்கு இவற்றைப் போன்ற ஏற்பாடு கிடையாது. சட்டத்தின் பார்வையில் அவர்கள் சாதாரண வீட்டு உரிமையாளரும் அறை வாடகைதாரரும்தான். இதனால் மூன்று கேள்விகள் எழுகின்றன.

1. உதவி, வேலையாகிவிடுமா? இங்கே செல்லத்தக்க அனுமதியின்றி வெளிநாட்டவர் வேலை செய்யக் கூடாது. வேலை நேரத்துக்கு வரம்புள்ள மாணவரோ, ஒரு குறிப்பிட்ட முதலாளிக்கு மட்டும் வேலை செய்ய அனுமதி பெற்ற எஸ் பாஸ் ஊழியரோ, "மாதம் 400 வெள்ளி வாடகைக் கழிவுக்கு ஈடாக நாள்தோறும் சமையல், துப்புரவு, குளிப்பாட்டுதல்" என்று கையெழுத்திட்டால், அது கூலிக்குச் செய்யும் வேலை என்று பார்க்கப்படக் கூடும். அந்த விளிம்புக்கே போகாமல் இருப்பது இருவருக்கும் பாதுகாப்பு.

2. அளவு எங்கே நிற்கும்? மருந்து வாங்கி வருவதில் தொடங்கும். பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்வது அடுத்து வரும். இரவில் விழித்திருப்பது அதற்கும் அடுத்து வரும். முதியவர் கேட்பதில் தவறில்லை. மறுக்க முடியாமல் இளையவர் தவிப்பதும் இயல்பே. அளவு எழுதப்படாத உதவி, வாடகைதாரரைச் சம்பளமில்லாத பணியாளராக மாற்றிவிடும்.

3. பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள்? துணைக்கு ஆள் இருக்கிறது என்று அவர்கள் நிம்மதியடைந்து வருகையைக் குறைத்துக்கொண்டால், ஒரு வாடகைதாரர் தாம் ஏற்றுக்கொள்ளாத பொறுப்பைச் சுமக்கிறார். கீழே விழுந்த முதியவருக்கு ஏன் உடனே ஆம்புலன்ஸ் அழைக்கவில்லை என்ற கேள்வி அவரை நோக்கி வரும்.

என் கருத்து இதுதான்: வாடகையை உதவியோடு கலக்கக் கூடாது. நியாயமான, சற்றுக் குறைவான வாடகையை முழுதாகப் பணமாக வாங்க வேண்டும். இருவரும் ஒருவருக்கொருவர் செய்யும் சிறு உதவிகளைத் தனித்தாளில், கட்டாயமற்றவையாக, அளவோடு எழுதிக்கொள்ள வேண்டும். "வாரம் ஒருமுறை சந்தைக்குப் போகும்போது அரிசி மூட்டை தூக்கித் தருவது, கைத்தொலைபேசி, சிங்பாஸ் செயலி குழப்பினால் விளக்கிச் சொல்வது, இரவு வரத் தாமதமானால் குறுந்தகவல் அனுப்புவது" என்று எழுதினால் அது அண்டைவீட்டார் செய்யும் உதவி. குளிப்பாட்டுவது, மருந்தின் அளவை முடிவு செய்வது, பணத்தைக் கையாள்வது ஆகியவை அதில் வரவே கூடாது. வங்கி அட்டையோ சிங்பாஸ் மறைச்சொல்லோ எந்தச் சூழ்நிலையிலும் வாடகைதாரர் கைக்குப் போகக் கூடாது. நல்ல இளையவர் ஒருவரைப் பின்னாளில் வரும் சந்தேகத்திலிருந்து காப்பதும் அந்த விலகலே. பராமரிப்பு தேவைப்படும் முதியவருக்கு இல்லப் பணிப்பெண், இல்லப் பராமரிப்புச் சேவை, துடிப்பாக மூப்படையும் நிலையம் ஆகியவையே வழி.

பணக் கணக்கு

தோ பாயோவில் நாலறை வீட்டில் தனியாக வாழும் 71 வயது மூதாட்டி, ஓர் அறையை மாதம் 900 வெள்ளிக்கு ஓராண்டுக்கு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

ஆண்டு வாடகை 10,800 வெள்ளி. நான்காண்டுக்கு உட்பட்ட வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு; இங்கே 43 வெள்ளி. ஒப்பந்தம் சிங்கப்பூரில் கையெழுத்தான 14 நாளுக்குள் அதைக் கட்ட வேண்டும். வழக்கமாக வாடகைதாரர் கட்டுவார். முத்திரையிடாத ஒப்பந்தத்தை வழக்கில் சான்றாகப் பயன்படுத்த முடியாது என்பதால், இந்தச் சிறு தொகையை மிச்சப்படுத்தப் பார்ப்பது பெரிய இழப்பில் முடியும்.

வாடகை வருமானத்தை உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ரசீதுகள் இல்லாமலேயே மொத்த வாடகையில் 15 விழுக்காட்டைச் செலவாகக் கழிக்கலாம்; 1,620 வெள்ளி போக மீதி 9,180 வெள்ளி. வரிக்குரிய வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை. ஆகவே வேறு வருமானம் இல்லாத அந்த மூதாட்டி கட்ட வேண்டிய வருமான வரி எதுவுமில்லை. அவர் வீட்டிலேயே வசிப்பதால், உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்கான குறைந்த சொத்து வரி விகிதமும் தொடரும்.

முன்பணம் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை என்பது வழக்கம். குடியேறும் நாளில் அறையின் சுவர், மெத்தை, அலமாரி, ஏர்கான் ஆகியவற்றை இருவரும் சேர்ந்து படமெடுத்துப் பகிர்ந்துகொண்டால், முன்பணத் தகராறுகளில் பெரும்பகுதி எழவே எழாது.

ஒரே கூரையின் கீழ் அன்றாடம்

சட்டம் தொடாத இடங்களில்தான் மனவருத்தம் பிறக்கிறது. ஆகவே முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டியவற்றைக் கேட்டுவிட வேண்டும். எண்ணெய் காயவைத்துத் தாளிக்கலாமா, எந்த நேரத்தில்? வீட்டில் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, கருவாடு ஆகியவற்றுக்குத் தடை உண்டா? குளிர்பதனப் பெட்டியில் எந்தத் தட்டு யாருடையது? ஏர்கான் இரவு எத்தனை மணி முதல்? துவைத்த துணியைச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் உலர்த்தும் நாள் யாருக்கு எது? காலை ஐந்தரைக்கு விளக்கேற்றிப் பாட்டுப் போடும் வீட்டில், இரவுப் பணி முடித்து ஆறு மணிக்குப் படுப்பவர் தூங்க முடியுமா?

"ஆண்ட்டி, வெள்ளிக்கிழமை மட்டும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல ஆகும்" என்று முதல் நாளே சொல்லிவிடும் இளையவரும், "சரி தம்பி, கேட்டைச் சத்தமில்லாம சாத்திட்டு வா" என்று சொல்லும் முதியவரும் ஓராண்டைச் சுமுகமாகக் கடப்பார்கள். தயக்கத்தில் இருவரும் பேசாமல் விட்டது, மூன்றாம் மாதத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்துவிடும்.

முதியவரின் நிலை மாறினால்

பெரும்பாலான ஒப்பந்தங்கள் மறந்துவிடும் பகுதி இது. முதியவர் பக்கவாதம் வந்து மருத்துவமனையில் நீண்ட நாள் இருக்க நேரலாம், தாதிமை இல்லத்துக்கு மாறலாம், மகளின் வீட்டுக்குப் போய்விடலாம், இறந்தும் போகலாம். அந்த வேளையில் உரிமையாளர் வீட்டில் வசிக்கிறார் என்ற அடிப்படை ஆட்டம் காண்கிறது. குறுகிய மருத்துவமனைத் தங்கலும் நிரந்தர இடமாற்றமும் ஒன்றல்ல. ஆனால் முதியவர் இனித் திரும்ப மாட்டார் என்று தெரிந்த பிறகும் வாடகைதாரர் மட்டும் அங்கே தொடர்வது அறை வாடகை ஆகாது. வீவகவிடம் தெரிவித்து, தகுதி இருந்தால் முழு வீட்டு வாடகை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இல்லையெனில் வாடகையை முடித்துக்கொள்ள வேண்டும்.

எனவே ஒப்பந்தத்தில் மூன்று விதிகளைச் சேர்ப்பது அவசியம். உரிமையாளர் நிரந்தரமாக வெளியேறினால் வாடகைதாரருக்கு இடம் தேட எத்தனை வார அவகாசம் கிடைக்கும் என்பது ஒன்று. எட்டு வாரம் நியாயமாகப் படுகிறது. அந்நிலையில் முன்பணத்தை யார், எந்த நாளுக்குள் திருப்பித் தருவார் என்பது இரண்டாவது. நெருக்கடி வேளையில் வாடகைதாரர் முதலில் அழைக்க வேண்டிய குடும்பத்தாரின் பெயரும் தொலைபேசி எண்ணும் மூன்றாவது. முதியவர் தெளிந்த மனத்துடன் இருக்கும்போதே நீடித்த அதிகாரப் பத்திரம் எழுதி, தமக்காக முடிவெடுக்கும் ஒருவரை நியமித்திருந்தால், அவரையும் வாடகைதாரருக்கு அறிமுகப்படுத்திவிட வேண்டும். அந்தப் பொறுப்புக்கு வாடகைதாரரையே நியமிப்பது எவ்வளவு நெருக்கம் இருந்தாலும் பொருத்தமற்றது.

தகராறு வந்தால்

குடியிருப்பு வாடகை தொடர்பான பூசல்களை, ஒப்பந்தம் இரண்டாண்டுக்கு மேற்படாத வரை, சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். 20,000 வெள்ளி வரையும், இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரையும் கோரலாம். வழக்கறிஞர் அங்கே தேவையில்லை; அனுமதியும் இல்லை. ஒரே ஒரு நுணுக்கம் உண்டு. அறை முழுமையாகத் தம் ஆளுகையில் உள்ளவர் வாடகைதாரர். உரிமையாளர் எந்நேரமும் புழங்கும் இடத்தில் தங்க மட்டும் அனுமதி பெற்றவரின் சட்ட நிலை வேறாக இருக்கலாம். தாளில் எந்தப் பெயர் எழுதியிருக்கிறது என்பதோடு, நடைமுறையில் அறைக்கு யார் பொறுப்பு என்பதும் பார்க்கப்படும். அதனால் எந்த அறை, அதன் சாவி யாரிடம், உரிமையாளர் எப்போது உள்ளே வரலாம் என்பவற்றை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுத வேண்டும். சொத்து முகவைகள் மன்றத்தின் மாதிரி வாடகை ஒப்பந்தத்தை அடிப்படையாக வைத்து இவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பூசல் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். முத்திரையிட்ட ஒப்பந்தம், வாடகை செலுத்தியதற்கான வங்கிப் பதிவுகள், குடியேறிய நாளின் படங்கள், குறுந்தகவல்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் இணைத்தால் இணையம் வழியாகவே தாக்கல் செய்துவிடலாம். முதியவருக்கு அதில் சிரமம் இருந்தால் பிள்ளைகளில் ஒருவர் உடனிருந்து அந்த ஆவணங்களைத் திரட்டித் தரலாம்.